பழைய கட்டடமும் புதிய நிறமும்



கொழும்புத் துறைமுகத்தை நாடிக் கப்பலில் வருகின்றவனுக்கு நகரம் முதலில் வீதிகளாகத் தோன்றுவதில்லை. கட்டடங்களின் உச்சிகள் வானத்தை வெட்டி அமைக்கும் ஒரு விளிம்பாகவே அது தோன்றுகின்றது. அதனை வான்விளிம்பு என இங்கு வழங்குவோம். வான்விளிம்பை ஆக்குவது உயரம் என்பர். நிறத்திற்கும் அதிற் பெரும் பங்குண்டு. ஆதலால், நகரின் நடுவே நிற்கும் பழைய கட்டடமொன்றுக்குப் புதுத் தீந்தை பூசுவதை அதன் உரிமையாளரின் சொந்தக் காரியமென்று மாத்திரம் விட்டுவிடுதல் பொருந்தாது என்பது என் கருத்து.

புறக்கோட்டை இரண்டாங் குறுக்குத் தெருவிலுள்ள ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றாற்றான் நம்மிற் பலருக்கு விளங்கும். 1908ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1909ஆம் ஆண்டில் நிறைவெய்திய கட்டடம் அது. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் விருப்பப்படி அதன் அமைப்பை வகுத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அவர் கட்டடக்கலையைப் பயின்று பட்டம் பெற்றவரல்லர். மாதுளங்கனி போன்ற குவிமாடங்களையும், சிவப்பும் வெண்மையுமாய் மாறி மாறி ஓடும் பட்டைகளையும் அண்ணாந்து நோக்குகின்ற எவரும் அதனைக் குறையாக எண்ணமாட்டார். கோயில் மதிலின் காவிப் பட்டைகளைக் கண்டு பழகிய கண்களுக்கும் அதில் ஓர் உறவு தெரியும். முன்னாளிற் கொழும்பை அணுகிய மாலுமிகள் இப்பள்ளிவாசலைக் கண்டே ஊரை இனங்கண்டனர் என்று சொல்வதுண்டு.

இன்று கடலிலிருந்து நோக்குகின்றவன் அதனை எளிதிற் காணமாட்டான். இவ்வாறு மறைந்த முதற் கட்டடமும் அதுவன்று. கோட்டையிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் எழுந்தது. 1867இல் அதன் உச்சியிற் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. சூழ எழுந்த கட்டடங்கள் அவ்வொளியை மறைத்தமையால், 1952இல் விளக்கை அணைத்துவிட்டுக் கடலோரத்தில் வேறொரு கலங்கரை விளக்கத்தை அமைக்க வேண்டியதாயிற்று. பின்னர் 1997இல் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் வந்தன. 2022இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரமோ ஏறத்தாழ 350 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. இவற்றோடு உயரத்திற் போட்டியிட எந்தப் பழைய கட்டடத்தாலும் இயலாது.

ஆனால், புதிய மாடங்களிற் பல கண்ணாடிச் சுவருடையவை. கண்ணாடிக்குச் சொந்த நிறமில்லை. வானம் கறுத்தாற் கறுக்கும், வெளுத்தால் வெளுக்கும். அந்தச் சாம்பலுக்கும் நீலத்துக்கும் நடுவே பள்ளிவாசலின் செம்மையும், 1906இல் திறக்கப்பெற்ற கார்கில்ஸ் கட்டடத்தின் செம்மையும் கண்ணைத் தடுத்து நிறுத்துகின்றன. மேல்மாடியொன்றின் சாளரத்தருகே நின்று கீழே நோக்குகின்றவன் இன்னது புறக்கோட்டை, இன்னது கோட்டை என்று அறிவது இத்தகைய நிறங்களாலேயே. உயரத்தை இழந்த கட்டடத்துக்கு நிறமே கைம்முதல். அதனையும் மாற்றிவிட்டால், கட்டடம் இடிபடாமலே காணாமற்போகும்.

மாற்றுவோர் தீய எண்ணத்தோடு மாற்றுவதில்லை. சுவர் அழுக்கேறியிருக்கும், பெருநாளோ நூற்றாண்டு விழாவோ நெருங்கியிருக்கும், கடைக்காரர் சிறு சதுரங்கள் அச்சிட்ட அட்டையொன்றை நீட்டுவார். விரலகலச் சதுரத்தில் அடக்கமாகத் தோன்றும் நிறம், நாற்பதடிச் சுவரில் ஏறியவுடன் உரத்துக் கூவும். பட்டைகளின் அகலத்தைச் சிறிது குறைத்தாலும் கேடுண்டு. அருகில் நின்றால் வேறுபாடு தெரியாது. தொலைவிலோ ஒடுங்கிய சிவப்பும் வெண்மையும் ஒன்றிற் கலந்து வெளிறிய ஒற்றை நிறமாகிவிடும்.

பூச்சின் தன்மை அதனினும் முக்கியமானது. நம் முன்னோர் செங்கற் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். சுவர் குடித்த மழைநீர் அப்பூச்சின் ஊடாக ஆவியாகி வெளியேறும். நெகிழிபோற் படியும் இக்காலத் தீந்தை அவ்வழியை அடைத்துவிடுகின்றது. கடற்காற்றுக் கொணர்ந்த உப்பு நீரோடு சுவரினுள்ளே தங்கிப் பளிங்காக உறைந்து, சாந்தையும் செங்கல்லின் முகத்தையும் தள்ளும். சில பருவமழைகளுக்குள் பூச்சுக் கொப்புளித்து உரியும். அதனைக் கண்டு மீண்டும் அதே தீந்தையைக் கனமாகப் பூசுவார்கள். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. சிவப்பிலும் வகையுண்டு. பளபளக்கும் சிவப்புகளிற் சில வெயிலில் விரைவாக வெளுக்கின்றன. காவி மண்ணின் சிவப்போ இரும்புக் கறையாதலின் வெயிலையும் சுண்ணாம்பின் காரத்தையும் தாங்கும்.

“செலவு செய்பவன் நான்; நிறத்தைத் தெரிவு செய்வதும் நானே” என்று உரிமையாளர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுண்ணாம்பை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். அதனை அறிந்த வேலையாட்களும் அருகி வருகின்றனர். நிறத்தை மாற்றாதே என்று ஊரார் கூறுவதாயின், அச்செலவில் ஒரு பங்கை நகரமும் ஏற்கவேண்டும். சாரத்துக்கும் கூலிக்கும் ஒருவன் தனித்திருந்து பணம் தேட, ஏனையோர் அழகை மாத்திரம் கேட்டுப் பெறுதல் முறையன்று.

ஆயினும், பணம் வேண்டாத ஒரு காரியமுண்டு. முழுச் சுவரிலும் பூசுமுன், ஆளுயரத் துண்டொன்றிற் பூசிக் காயவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி அதனடியிற் கிடக்கும் ஆதி நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலை வெயிலிலும், மாலையிலும், ஒரு மழை பெய்து ஓய்ந்த பின்னும், எதிர்த் தெருவிலும் அயற் கட்டடத்தின் மேல்மாடியிலும் நின்று பார்த்தல் நன்று. கொழும்பில் இதற்கேற்ற காலம் வரட்சியான தை, மாசி மாதங்கள். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவிட்டால், மழையில் ஊறிய சுவரிற் பூச்சு எளிதிற் பிடிக்காது.