அவை வருகினம்: தீவகப் பேச்சில் எழுவாயும் பயனிலையும்

1913இல் தனிநாயகம் அடிகளார் பிறந்த கரம்பன் இருக்கும் இந்த யாழ்ப்பாணத் தீவில் தமிழ் இலக்கணம் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்புப் பெரிது. இனி உரை பொருளுக்குள் நுழைகிறது.

பொருள் சபைக்குப் புதிதன்று. ‘அவை வருகினம்’ என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். ‘அவை’ அஃறிணைப் பன்மை, மனிதரைச் சுட்டலாகாது, ஆகவே திணை வழு என்கிறார். சக ஆய்வாளர் சிலர் வழு என்று சொல்வதில்லை. யாழ்ப்பாணப் பேச்சில் திணைப் பாகுபாடே தேய்ந்துவிட்டது என்கிறார்கள். இரண்டு முடிவுகளும் பிழை. எழுவாயை மட்டும் பார்த்துப் பயனிலையைப் பாராமல் விட்டதால் வந்த பிழை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று கேட்டால் போதும். பைகளோடு நடந்து வரும் உறவினரைக் கண்டு ஒருவர் “அவை வருகினம், கொஞ்சம் பொறுங்கோ” என்று படகுக்காரரிடம் சொல்வார். அதே வழியில் ஆடுகள் வந்தால் ‘அதுகள் வருகுதுகள்’ என்பார். ‘ஆடுகள் வருகினம்’ என்று தீவகத்தில் எவரும் சொல்லார், மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லாது. இந்தப் பேச்சில் ‘அவை’ உயர்திணைக்கே உரியது. அஃறிணைப் பன்மைக்கு ‘அதுகள்’ இருக்கிறது. சொல் இடம் மாறியிருக்கிறது, திணை மாறவில்லை. பிள்ளைகளை ‘விளையாடுதுகள்’ என்று செல்லமாகவோ சினந்தோ சொல்வதுண்டு. அங்கே வினை அஃறிணைக்கு இறங்குவதைக் கேட்பவர் உடனே உணர்வதே பாகுபாடு உயிரோடு இருப்பதற்குச் சான்று.

‘வந்தவை’ என்ற வடிவத்தைக் காட்டி மறுப்போர் உண்டு. ‘நேற்று அவை வந்தவை’ என்பது அப்பட்டமான அஃறிணை முற்று அல்லவா என்பது அவர்கள் கேள்வி. வரிசையைப் பார்க்க வேண்டும்: அவன் வந்தவன், அவள் வந்தவள், அவர் வந்தவர், அவ வந்தவ, அவை வந்தவை. வினையாலணையும் பெயரே இங்கே முற்றாக நின்று எழுவாயோடு இயைகிறது. வரிசை முழுவதையும் ஏற்றுக்கொண்டு கடைசி ஒன்றை மட்டும் வழு என்பது நியாயமாகாது.

நிகழ்காலத்தில் நிலைமை இன்னும் தெளிவு. வாறான், வாறாள், வாறார், வாறா, வருகினம், வருகுது. எழுத்துத் தமிழில் ‘வருகிறார்’ என்றால் வருபவர் ஆணா பெண்ணா என்று வினை சொல்லாது. யாழ்ப்பாணத்தில் ‘வாறார்’ ஐயாவுக்கு, ‘வாறா’ அம்மாவுக்கு. ‘-ஆர்’ மரியாதை ஒருமைக்கு ஒதுங்கிக்கொள்ள, பலர்பாலை ‘-இனம்’ ஏற்றுக்கொண்டது: வந்திட்டினம், வருவினம், வரமாட்டினம். நூல்கள் சொல்லும் ஐம்பாலைவிட நுணுக்கமான இயைபு இது. தேய்ந்துபோன மொழி இப்படி வளராது. 1940இல் ‘நானாடகம்’ வெளியிட்ட பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இந்தப் பேச்சை மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவரத் தயங்கவில்லை. சுசீந்திரராசா அதையே மொழியியல் ஆய்வுக்கு உட்படுத்தினார். அவர்களுக்குப் பின்னும் சிவப்பு மை ஓயவில்லை.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே திணை, பால் இயைபைப் பேசும் கிளவியாக்கத்தில்தான். திணை கலந்து வரும் எழுவாய்களுக்கு நன்னூல் சிறப்பு, மிகுதி, இழிபு ஆகியவற்றைப் பார்த்து ஒரு முடிபு தருகிறது. பழைய ஆசிரியர்கள் வழக்கைக் கண்டு விதி செய்தார்கள் என்பதற்கு இது போதும்.

ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘கமிட்டி’ என்ற ஒருமைச் சொல்லுக்குப் பிரித்தானியர் ‘இஸ்’ என்றும் ‘ஆர்’ என்றும் சொல்வர். அமெரிக்கர் பெரும்பாலும் ‘இஸ்’ என்பர். ஒருவரையே விளித்தாலும் ‘யூ ஆர்’ என்ற பன்மை வினைதான் வருகிறது. அதை எந்த ஆங்கில ஆசிரியரும் சுழிப்பதில்லை.

‘-இனம்’ எங்கிருந்து வந்தது என்பது தனி ஆய்வு. கல்வெட்டுகள் அதிகம் உதவா. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகரையும், யானை, குதிரை ஏற்றிவந்து உடையும் கப்பலில் கால்பங்கு பண்டாரத்துக்குச் சேர்வதையும் சொல்கிறது. அது அரச ஆணையின் நடை, துறைமுகத்தின் பேச்சன்று.

செய்ய வேண்டியவை பல. நெடுந்தீவு, புங்குடுதீவு முதியோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். மட்டக்களப்பு வழக்கோடு ஒப்பிட வேண்டும். இவை, உவை, அவை என்ற மூன்று சுட்டும் வினையோடு இயையும் விதத்தைத் தனியே பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் வளரும் பிள்ளைகள் ‘-இனம்’ சொல்கிறார்களா என்பதையும் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘அவை வருகினம்’ என்று கொப்பியில் கண்டால் பக்கத்தில் ‘பேச்சு வழக்கு’ என்று எழுதி, எழுத்து வழக்கில் ‘அவர்கள் வருகிறார்கள்’ என்று காட்டுங்கள். ‘திணை வழு’ என்று மட்டும் எழுதாதீர்கள்.