மூச்சை எண்ணத் தெரிஞ்சுக்குவோம்

(கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலைக் குழுக்களின் ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கமிருந்தும், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கமிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கீங்க. பூண்டுக் காட்டு வேலையையும் காபித் தோட்ட வேலையையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால் சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குக் கடன், வட்டி, வங்கி இணைப்பு பற்றிப் பேசவில்லை. நெஞ்சுச் சளி பற்றிப் பேசப் போகிறோம்.

"சளிதானே, அதுக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கிறீங்க. வெறும் சளியாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். ஆனால் அது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறினால் பிள்ளை உயிருக்கே ஆபத்து. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 5 வயதுக்கு உட்பட்ட 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனைக்கும் இது மருந்து உள்ள நோய். நேரத்தோடு கண்டுபிடிக்காததாலும், நேரத்தோடு கொண்டு போகாததாலும்தான் பெரும்பாலான பிள்ளைகள் போகின்றன.

மலையில் இருக்கிற நமக்கு இந்த நேரம்தான் பெரிய பிரச்சினை. மன்னவனூரில் இருந்து கொடைக்கானல் வரவே 35 கிலோமீட்டர் பக்கம். அங்கிருந்து கீழே பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்க இன்னும் 50, 60 கிலோமீட்டர், அதுவும் வளைவு வளைவாக. வண்டிப் பாதை போகாத குடியிருப்பாக இருந்தால் டோலி கட்டித் தூக்கி வரணும். அதனால் "இது வெறும் சளியா, நிமோனியாவா?" என்பதை வீட்டிலேயே, பொழுது சாயும் முன்னாலேயே கண்டுபிடிக்க நமக்குத் தெரியணும். அதற்கு மிஷின் வேண்டாம், படிப்பும் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

நிமோனியா என்றால் என்ன?

நம்ம நுரையீரல் முழுக்கத் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. நாம் இழுக்கிற காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அந்தப் பைகள் வழியாகத்தான் இரத்தத்தில் சேருகிறது. கிருமி உள்ளே போய் வளர்ந்தால் அந்தப் பைகளில் சீழும் நீரும் கட்டிக்கொள்ளும். அதுதான் நிமோனியா.

பைகள் அடைபட்டுப் போனால் உடம்பு என்ன செய்யும்? குடத்தில் எடுக்க வேண்டிய தண்ணியைச் சொம்பில் எடுத்தால் எத்தனை தடவை மொள்ள வேண்டியிருக்கும்? அதே மாதிரி, ஒரு மூச்சில் கிடைக்க வேண்டிய ஆக்ஸிஜன் கிடைக்காததால் பிள்ளை வேக வேகமாக மூச்சு விடும். இந்த வேகத்தைத்தான் நாம் எண்ணப் போகிறோம்.

எதனால் வருகிறது?

கிருமியால்தான். நிமோகாக்கஸ், ஹிப் என்ற பாக்டீரியாக்கள் உண்டு. ஃபுளூ மாதிரியான வைரஸ்கள் உண்டு. இருமும்போதும் தும்மும்போதும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகின்றன.

"பனி அடிச்சதால வந்துச்சு, வாழைப்பழம் கொடுத்ததால வந்துச்சு, தாய் தலைக்குக் குளிச்சதால வந்துச்சு" என்று நாம் சொல்வது சரியல்ல. வாழைப்பழம் நிமோனியாவைக் கொண்டு வராது. பனிக்காலத்தில் நாம் கதவு ஜன்னலை அடைத்து, ஒரே அறையில் எல்லோரும் நெருக்கிப் படுக்கிறோம். ஒருவர் இருமினால் எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. அதனால்தான் பனிக்காலத்தில் அதிகம் பார்க்கிறோம்.

எடை குறைந்து பிறந்த பிள்ளை, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்காத பிள்ளை, சத்துக் குறைந்த பிள்ளை, தட்டம்மை வந்து தேறிய பிள்ளை, இவர்களைக் கிருமி சீக்கிரம் பிடிக்கும்.

விறகுப் புகையும் நெஞ்சைக் கெடுக்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீங்க. ஆனால் "எங்க வீட்டில கேஸ் வந்திருச்சு, இனிப் பயமில்ல" என்றும் இருந்துவிடக் கூடாது. நம்ம தமிழ்நாடு உட்பட 4 நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பு கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2024ல் வெளிவந்தது. கேஸ் கொடுத்த வீட்டுக் கைக்குழந்தைகளுக்கும் விறகு எரித்த வீட்டுக் குழந்தைகளுக்கும் கடுமையான நிமோனியா வருவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புகையைக் குறைப்பது உங்கள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் நல்லது, கட்டாயம் செய்யுங்க. ஆனால் பிள்ளையின் மூச்சைக் கவனிப்பதை விட்டுவிடாதீங்க.

எண்ணுவது எப்படி?

இந்த வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? பாப்புவா நியூ கினி என்ற தீவு நாட்டில், நம்மைப் போலவே மலையில் உள்ள கொரோகா என்ற ஊரின் மருத்துவமனையில், டாக்டர் ஃபிராங்க் ஷான் என்பவரும் கூட இருந்தவர்களும் இருமல் வந்த பிள்ளைகளின் மூச்சை எண்ணிப் பார்த்து 1984ல் எழுதினார்கள். அடுத்து 1988ல் நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், டாக்டர் தாமஸ் செரியன், டாக்டர் ஜேக்கப் ஜான் முதலானவர்கள், ஒரு வயதுக்குள் 50க்கு மேல், ஒரு வயது தாண்டினால் 40க்கு மேல் என்ற கணக்கு நிமோனியாவைச் சரியாகக் காட்டுகிறது என்று கண்டார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் சுகாதாரப் பணியாளர்கள் எண்ணுவது இந்தக் கணக்கைத்தான்.

இரண்டு பேர் சேர்ந்து செய்வது சுலபம். ஒருவர் எண்ணணும், இன்னொருவர் செல்போனில் ஒரு நிமிடம் பார்க்கணும்.

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கணும். தூங்கினால் இன்னும் நல்லது. சட்டையைத் தூக்கி விட்டு வயிற்றையும் நெஞ்சையும் பாருங்க. ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணணும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், தப்பாகப் போகும். எண்ணிக்கை குழம்பினால் பத்து மூச்சுக்கு ஒரு பீன்ஸ் விதையை எடுத்து வைங்க.

2 மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து. ஒரு தடவை எண்ணி 60 வந்தால் திரும்ப ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

2 மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல்.

ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

60, 50, 40. இந்த மூன்றையும் மனப்பாடம் பண்ணுங்க. இருமலோ சளியோ உள்ள பிள்ளைக்கு இந்த எண் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

"நமக்கெல்லாம் இது வருமா?" என்று சந்தேகம் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற பின்தங்கிய மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி, கிராமத்து சுகாதாரப் பணியாளர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிப் பாட்டிகளுக்கும் இதைக் கற்றுக் கொடுத்தார்கள். எண்ணத் தெரியாதவர்களுக்காக மணி கோத்த ஒரு கருவியையே செய்தார்கள். மூச்சை எண்ணி, மருந்தும் கொடுத்தார்கள். 1990ல் வந்த முடிவு என்ன தெரியுமா? இந்த வேலை நடந்த கிராமங்களில் நிமோனியாச் சாவு, நடக்காத கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தது. சீட்டு, வட்டி, அசல், பாக்கி எல்லாம் மனக்கணக்காகப் போடுகிற நமக்கு இது ஒரு கணக்கா?

எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாத நேரம்

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், மூக்கு விடைத்தால், முனகினால், உதடு நீலம் பூத்தால், பால் குடிக்க முடியாவிட்டால், குடித்ததை எல்லாம் கக்கினால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால் எண்ண வேண்டாம். உடனே 108. 2 மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலும், உடம்பு ஜில்லென்று ஆனாலும் உடனே கிளம்பணும்.

செய்யக் கூடாதவை

சீர், மாந்தம், கணை, தோஷம் என்று பேர் சொல்லி மந்திரிக்கப் போகிறோம். மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை, நாங்கள் குறுக்கே வரவில்லை. ஆனால் முதலில் ஆஸ்பத்திரி, திரும்பி வந்த பிறகு மற்றது. சூடு போடவே கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடக் கூடாது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய் அதுவே ஒரு நிமோனியாவை உண்டாக்கும். நம்ம ஊர்க் கடையெல்லாம் விற்கிற யூகலிப்டஸ் தைலத்தையும் சூடம் கரைத்த எண்ணெயையும் சின்னப் பிள்ளைக்கு உள்ளுக்குக் கொடுக்காதீங்க, மூக்கில் தடவாதீங்க. வலிப்பு வந்துவிடும். கடையில் சொல்லி வாங்குகிற இருமல் மருந்தும், போன தடவை மிச்சம் இருந்த மருந்தும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

டாக்டர் மூச்சை எண்ணுவார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பார்த்த, விரலில் மாட்டும் கருவியால் ஆக்ஸிஜன் பார்ப்பார்கள். 90க்குக் கீழே இருந்தால் ஆக்ஸிஜன் வைக்கணும். தேவைப்பட்டால்தான் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை.

கடுமை இல்லாவிட்டால் அமாக்ஸிசிலின் என்ற மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சொன்ன நாள் முழுக்கக் கொடுக்கணும். இரண்டு நாளில் பிள்ளை விளையாட ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்தினால் கிருமி திரும்ப வளரும். இரண்டு, மூன்று நாளில் திரும்பக் காட்டச் சொன்னால் கட்டாயம் போகணும். கடுமையாக இருந்தால் படுக்க வைத்து ஊசி மருந்தும் ஆக்ஸிஜனும் கொடுப்பார்கள். கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலிருந்து தேனிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, மதுரைக்கோ அனுப்பினால் தயங்காமல் போங்க. எங்கே இருந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.

வெறும் சளிக்கும் பல வைரஸ் காய்ச்சலுக்கும் இந்த மருந்து வேலை செய்யாது. "ஊசி போடலையே, இவர் என்ன டாக்டர்?" என்று சண்டை போடாதீங்க.

பெரியவர்களுக்கு

வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம். சாப்பாடு வேண்டாம் என்பார்கள், பேச்சு தடுமாறும், ஆள் அடையாளம் தெரியாது. "வயசாயிருச்சு" என்று விட்டுவிடாமல் மூச்சை எண்ணுங்க. 30ஐத் தொட்டால் ஆஸ்பத்திரி. யாருக்காக இருந்தாலும் 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யணும். அது காசநோயாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம். மருந்தை இடையில் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

தடுப்பூசி

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். ஹிப் கிருமிக்கான மருந்து சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து போடப்படுகிறது. 6, 10, 14 வாரங்களில் போடணும். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 ஜூலையில் வந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தட்டம்மை ஊசி 9 மாதத்திலும், ஒன்றரை வயது வாக்கிலும். ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்தால் பயந்து அடுத்த தவணையை விட்டுவிடாதீங்க.

நம்ம குழு என்ன செய்யலாம்?

இதைக் கொஞ்சம் மனசு கனத்துத்தான் சொல்கிறோம். நாங்கள் போய் வருகிற ஒரு ஊரில் 8 மாதப் பிள்ளை. முதல் நாள் தைலம் தடவினார்கள். இரண்டாம் நாள் மந்திரித்தார்கள். மூன்றாம் நாள் தாய்க்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் கையில் காசில்லை, வீட்டுக்காரர் காய் வண்டியோடு சந்தைக்குப் போயிருந்தார். "அவன் வரட்டும்" என்றார்கள் பெரியவர்கள். விடிந்து வண்டி பிடித்தபோது பிள்ளை வழியிலேயே போய்விட்டது. அந்தத் தாய் குழு உறுப்பினர். குழுக் கணக்கில் அவரது சேமிப்பும் இருந்தது. ஆனால் பணம் வங்கியில் இருந்தது, ராத்திரி வங்கி திறக்காது.

அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அந்த ராத்திரிக்குத் தேவையாக இருந்தவை மூன்று: எண்ணத் தெரிந்த ஒருத்தி, கையில் கொஞ்சம் ரொக்கம், "கிளம்பு" என்று சொல்ல ஒரு ஆள். மூன்றையும் குழுவால் கொடுக்க முடியும்.

ஆகவே அடுத்த வாரக் கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதுங்க.

1. ஒவ்வொரு குழுவிலும் மூச்சு எண்ணத் தெரிந்த இரண்டு பேர் இருக்கணும். இன்றைக்கு வந்திருக்கிற நீங்கள் போய்க் கற்றுக் கொடுக்கணும்.

2. மருத்துவ அவசரத்துக்கு என்று ஒரு தொகை ரொக்கமாக ஒருவர் பொறுப்பில் இருக்கணும். எவ்வளவு, யார் பொறுப்பு என்பதைக் குழுவே முடிவு செய்யணும். பிள்ளையின் மூச்சு 60, 50, 40 கணக்கைத் தாண்டினால் கூட்டம் கூட்டாமல் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் உள்கடனாக எழுதிக்கொள்ளலாம்.

3. 108 வர நேரமாகும் ஊர்களில் ஜீப்காரர், ராத்திரியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் இவர்களிடம் முன்கூட்டியே பேசி, போன் நம்பரைச் சுவரில் எழுதி வைக்கணும். ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கணும்.

4. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கூடப் போக ஒரு உறுப்பினர் கிளம்பணும். மாமியார்மாரும் வீட்டுக்காரர்களும் எதிரிகள் அல்ல. அவர்களையும் ஒரு நாள் கூட்டத்துக்குக் கூப்பிட்டு எண்ணச் சொல்லிக் கொடுங்க.

இப்போது இந்த அறையிலேயே 4 கைக்குழந்தைகள் தூங்குகின்றன. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, சத்தம் போடாமல் பக்கத்தில் உட்காருங்க. ஒருவர் போனை எடுங்க, ஒருவர் பிள்ளையின் வயிற்றைப் பாருங்க. ஒரு நிமிடம். ஆரம்பிக்கலாம்.