தெரிந்தபின் என்ன செய்வாய்?

ஆக்லாந்தில் இரவு பத்து மணி, நல்ல குளிர். சென்னையில் உங்களுக்கு மாலை மூன்றரை.

நாம் வாசித்து வளர்ந்த தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்ப் பிரியர், கசங்காத மனிதர். சுஜாதாவின் கணேஷ் வக்கீல். நீதிமன்றம் என்று ஒன்று அவருக்கு இருக்கிறது. 'ஹார்ட்பாய்ல்டு' கதைகளின் துப்பறிவாளனுக்கு அதுவும் இல்லை. கூலிக்கு உழைக்கும் தனியாள். நகரம் அழுக்கு, போலீஸ் பகை, வேலை கொடுத்தவரே பொய் சொல்வார். பேச்சு சுருக்கம், உணர்ச்சி உள்ளே.

பிங்கர்ட்டன் நிறுவனத்தில் துப்பறிவாளராக இருந்த டாஷியல் ஹாமெட் 1930இல் வெளியிட்ட 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலையே பாருங்கள். சாம் ஸ்பேடின் கூட்டாளி கொல்லப்படுகிறான். அவனை ஸ்பேடுக்குப் பிடிக்காது. ஆனாலும் கொன்றவள் தனக்கு நெருக்கமானவள் என்று தெரிந்தும் போலீசிடம் ஒப்படைக்கிறான். கொலைகாரர் யார் என்பதைவிட, தெரிந்தபின் என்ன செய்வாய் என்பதே இங்கே பெரிய கேள்வி.

இந்த ஊருக்கு வந்த புதிதில், நான் வேலைபார்த்த உணவகத்தில் ஒரு பையனின் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். விசாவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஸ்பேட் பிடிக்காதவனுக்காகச் செய்தான். எனக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிக்கும்.