கணக்கை முடிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்



பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தை எடுத்தாலும், வெளிநாட்டு வேலைக்குப் போன பெண்களின் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. மாதாமாதம் வரும் சம்பளக் காசை எல்லோரும் கவனமாகக் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் வேலை முடிந்து திரும்பும்போது வாங்கி வரவேண்டிய சேவைக்காலப் பணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில், வெளிநாட்டுக்குப் புறப்படும் முன்பு தோட்டத்தில் தீர்க்கவேண்டிய கணக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை கிடைக்கவேண்டும். நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்தே கணக்கு. 10 வருடம் தோட்டத்துச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) பெயர் இருந்த ஒரு தங்கைக்கு 140 நாள் சம்பளம் வரும். நாள் சம்பளம் 1,350 ரூபா என்றால் 1,89,000 ரூபா. "நானாகத்தானே வேலையை விட்டேன், எனக்கு எப்படித் தருவார்கள்?" என்று பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள். தானாக விலகியவருக்கும் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. பிரசவ விடுமுறையும் அனுமதி பெற்ற லீவும் சேவைக்காலத்தை முறிக்காது. வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தரவேண்டும். பிந்தினால், பிந்திய காலத்தைப் பொறுத்து நூற்றுக்கு 10 முதல் 30 வரை மேலதிகமாகச் சேரும். ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிப் பணம் இதிலிருந்து வேறானது. தோட்டம் இழுத்தடித்தால் பதுளைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

அடுத்தது வெளிநாட்டுக் கணக்கு. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தக் காலத்தை முடிக்கும் வீட்டுப் பணியாளருக்கு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். மாதம் 100 தினார் வாங்கி, 4 வருடம் முடித்தவருக்கு 400 தினார். கட்டாரில் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், வருடத்துக்குக் குறைந்தது 3 வாரச் சம்பளம் என்கிறது. சவூதியிலோ ஒரே வீட்டுக்காரரிடம் தொடர்ந்து 4 வருடம் முடித்தால்தான் ஒரு மாதச் சம்பளம்.

அக்ரிமென்டைப் புதுப்பிக்கும்போது கவனம் தேவைப்படுவது இதனால்தான். சவூதியில் 2 வருடம் முடித்து, அதே வீட்டில் இன்னும் 2 வருடத்துக்குத் தொடர்ந்தால் அந்தப் பணத்துக்கு உரிமை வரும். இரண்டாவது 2 வருடத்துக்கு வேறு வீடு மாறினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். குவைத்திலும் கட்டாரிலும் வீடு மாறுகிறவர், பழைய வீட்டுக் கணக்கை அங்கேயே முடித்து வாங்கிவிட வேண்டும். புதிய வீட்டுக்காரர் பழைய வருடங்களுக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். அதே நேரம், ஒரு மாதச் சம்பளத்துக்காக அடியையும் பட்டினியையும் யாரும் சகித்துக்கொண்டு இருக்கவேண்டாம். உயிரும் மானமும்தான் முதலில். அப்படி வெளியேறுகிறவர் நேரே இலங்கைத் தூதரகத்துக்குப் போனால், சம்பள பாக்கியையும் அங்கேயே கேட்க வழி பிறக்கும்.

தென்கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை உண்டு. ஒரு வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு 30 நாள் சராசரிச் சம்பளம் என்பது அந்த நாட்டுச் சட்டம்.   நம் பெண்களும் தங்கள் உரிமையைத் துணிந்து கேட்கவேண்டும். நாள் முழுக்க உழைத்தவருக்கு அந்தத் துணிவு வரவேண்டும் என்பது என் பெரும் ஆசை.

கேட்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். அக்ரிமென்டின் பிரதி ஒன்றை வீட்டிலும் வையுங்கள். சம்பளத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வங்கியில் விழுந்த தொகையும் திகதியும் பின்னால் சாட்சி சொல்லும். "எல்லாம் வாங்கிவிட்டேன்" என்று எழுதிய தாளில், பணம் கைக்கு வருமுன் கையெழுத்து வைக்கவே வேண்டாம். அரபியில் எழுதியிருந்தால், நம்பிக்கையான ஒருவர் வாசித்துச் சொல்லும் வரை பொறுங்கள். புதுப்பிக்கும்போது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவையும் புதுப்பியுங்கள். பணியகத்தின் அவசர இலக்கம் 1989. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரையும் போய்ப் பார்க்கலாம். நாடு திரும்பிய பிறகு கேட்பதைவிட, அங்கே இருக்கும்போதே கேட்பது பலமடங்கு சுலபம்.

வீட்டில் இருக்கும் அண்ணன்மார், அம்மாமார், கணவன்மாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வீட்டுப் பெண் போன் எடுக்கும்போது மூன்று விடயம் கேளுங்கள். எந்தத் திகதியில் இப்போது வேலை செய்யும் வீட்டில் சேர்ந்தார்? இப்போது சம்பளம் எவ்வளவு? அக்ரிமென்ட் எப்போது முடிகிறது? மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். புதுப்பிக்கிற நாள் வருமுன், அந்தக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள்.