ஞாயிற்றுக்கிழமை ரயில்



பொழுதுபோக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் பொழுதுபோக்கு ரயில். ஞாயிறு காலை திருச்சி ஜங்ஷனுக்குப் போவேன். அடுத்து எந்த வண்டியோ, அதில் பக்கத்து ஊர் ஒன்றுக்குச் சாதாரண டிக்கெட். இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்!

இதைத் தொடங்கியது அப்பாவுக்காக. அம்மா காலமான பிறகு அவர் சாய்வு நாற்காலியே கதி என்று இருந்தார். கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். ஒரு ஞாயிறு, "சும்மா கும்பகோணம் வரைக்கும் போய்ட்டு வருவோம், வாங்கப்பா" என்றேன். "அங்க நமக்கு யாருடா இருக்கா?" என்றார். "யாரும் இல்லப்பா, அதான் போறோம்" என்றேன். என்ன நினைத்தாரோ, சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சுமார் 90 கிலோமீட்டர். பாபநாசம் வருவதற்குள் எதிர் சீட்டுப் பெரியவரிடம் நெல் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுப் பேசிக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு பல ஞாயிறுகள். தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேர் போன்ற மண்டபத்தின் கல் சக்கரத்தில் அப்பா ஆரங்களை எண்ணினார். சுவாமிமலையில் சிலைப் பட்டறை. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஃபவுண்டரி வகுப்பில் நாம் படித்த இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்கின் அதே தத்துவம்! சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்துதான் ஆரம்பம். "தினமும் புதுசாத்தான் தொடங்கணும் போல" என்றார் அப்பா. அம்மாவை மறந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

மாணவர்களே, ஏறுவதற்கு முன் திரும்பும் வண்டியின் நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் போகிற வழியில் தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, விடுமுறையில் வந்தால் ஒரு பகலை ஒதுக்கி, வீட்டுப் பெரியவர்களை இப்படி ஓர் ஊருக்கு அழைத்துப் போங்கள். டிக்கெட் செலவு மிகக் குறைவு.