தங்கம் திரும்பிப் போனதுக்கு அப்புறம்

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலையில நாங்க அஞ்சு பேரு நாமக்கல்லுல இருந்து கொல்லிமலைக்கு சைக்கிள்ல கிளம்பினோம். காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல போக 70 கொண்டை ஊசி வளைவு. நான் இருபதாவது வளைவுலயே இறங்கி உருட்ட ஆரம்பிச்சுட்டேன். கூட வந்த ஒருத்தன் மட்டும் கால் ஊனாம ஏறிட்டான். செம்மேட்டுல டீ குடிக்கிறப்ப இன்னொருத்தன் அவனைக் கேட்டான்: "என்ன மாப்ள, ஊசி கீசி போட்டுட்டு வந்தியா?"

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். ஆனா இறங்கி வர்ற வழி முழுக்க அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே ஓடுச்சு. ஏன்னா 2019ல அதே கேள்வியை நான் ஒரு பொண்ணுகிட்ட கேட்டிருக்கேன். அதுக்குத்தான் இந்த எபிசோட்.

ஊக்கமருந்துன்னு சொன்னா சைக்கிள் ரேஸ் பாக்கறவங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்ற பேரு லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். கேன்சர்ல இருந்து மீண்டு வந்து, 1999ல இருந்து 2005 வரைக்கும் வரிசையா ஏழு தடவை டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சவரு. அவரோட மஞ்சள் ரப்பர் பேண்டை உலகம் முழுக்கக் கையில மாட்டிட்டுத் திரிஞ்சாங்க. 2012 அக்டோபர்ல அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு முழு அறிக்கையையும் வெளியிட்டுச்சு. ஏழு பட்டமும் போச்சு. 2013 ஜனவரியில ஓப்ரா வின்ஃப்ரே முன்னாடி உக்காந்து, ஆமா, எடுத்தேன்னு ஒத்துக்கிட்டாரு.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது எம்மா ஓ'ரைலின்னு ஒரு பெண்மணி. அவரோட டீம்ல மசாஜ் பண்ற வேலையில இருந்தவங்க. எல்லாரும் அவரைக் கொண்டாடிட்டு இருந்த காலத்துலயே உள்ள நடக்கறதை வெளியில சொன்னாங்க. அதுக்காக அவங்க மேல கேஸ் போட்டாங்க, அசிங்கமாப் பேசினாங்க. பொய் சொன்னவரை ஊரே நம்புச்சு, உண்மை சொன்னவங்க வருஷக்கணக்கா கெட்ட பேரோட இருந்தாங்க. ஒரு ஊக்கமருந்து விவகாரத்துல மாட்டினவரைத் தாண்டி சுத்தி இருக்கறவங்களுக்கு என்ன ஆகுதுங்கறதை நாம பெருசா கவனிக்கறதில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

2019 ஏப்ரல் 22. கத்தார் நாட்டு தோஹாவுல ஆசியத் தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டர். திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, கடைசி நேரத்துல பின்னாடி இருந்து வந்து முந்தி, 2 நிமிஷம் 2.70 செகண்டுல முதலாவதா வந்தாங்க. அந்தப் போட்டியில இந்தியாவுக்கு முதல் தங்கம். வயசு 30. விவசாயக் கூலிக் குடும்பம், அப்பா தவறிட்டாரு. தமிழ்நாடே தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு. கட்சிகள் போட்டி போட்டுக்கிட்டு லட்சக்கணக்குல பணம் அறிவிச்சாங்க. சினிமாக்காரங்களும் கொடுத்தாங்க.

கூடவே ஒரு போட்டோ சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? ரெண்டு காலுலயும் வேற வேற கலர் ஷூ. "கிழிஞ்ச ஷூவோட ஓடித் தங்கம் ஜெயிச்ச ஏழைப் பொண்ணு." நான் அப்ப இன்ஜினியரிங் கடைசி வருஷம். அந்தப் போட்டோவுக்கு மேல நாலு வரி உருக்கமா எழுதி ஸ்டேட்டஸ் வெச்சேன். அப்புறம் கோமதியே சொல்லிட்டாங்க, அது அவங்களோட ராசியான ஷூ, அதனால போட்டுட்டு ஓடினேன்னு. ஆனா ஸ்டேட்டஸ்ல அந்தத் திருத்தத்தை நானும் போடலை, யாரும் போடலை. கிழிஞ்ச ஷூதான் நமக்கு வேணும். நாம அவங்களைக் கொண்டாடினோமா, நாம எழுதின கதையைக் கொண்டாடினோமான்னு இப்ப கேட்டா எங்கிட்ட பதில் இல்லை.

ஒரு மாசம்தான். மே மாசம் செய்தி வந்துச்சு: சாம்பிள்ல நாண்ட்ரோலோன். தசையை வளர்க்கற ஸ்டீராய்டு வகை. 2020ல நாலு வருஷத் தடைன்னு தீர்ப்பு. தங்கத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. தெரிஞ்சு எதையும் எடுத்ததில்லைன்னு கோமதி சொன்னாங்க. அவங்க கொடுத்த விளக்கத்தை விசாரிச்சவங்க ஏத்துக்கலை.

இங்க ஒரு விதியைப் புரிஞ்சுக்கணும். ஊக்கமருந்துச் சட்டத்துல, உன் உடம்புக்குள்ள என்ன போனாலும் அதுக்கு நீதான் பொறுப்பு. கோச் கொடுத்தாரு, டாக்டர் எழுதினாரு, பவுடர் டப்பாவுல பேர் போடலைன்னெல்லாம் சொல்லி முழுசாத் தப்பிக்கறது ரொம்பக் கஷ்டம். கடுமையாத்தான் இருக்கு. ஆனா இந்த விதி இல்லைன்னா, மாட்டற ஒவ்வொருத்தரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதையும் ஒத்துக்கத்தான் வேணும்.

இப்ப தேதிகளைப் பாருங்க. முதல் சாம்பிள் எடுத்தது மார்ச் 18, பாட்டியாலாவுல நடந்த ஃபெடரேஷன் கோப்பையில. ஏப்ரல் 13ல இன்னொண்ணு. ஏப்ரல் 22ல தோஹா. மார்ச் சாம்பிளோட முடிவு நேரத்துக்கு வந்திருந்தா அவங்க தோஹாவுக்கு ஃப்ளைட்டே ஏறியிருக்க மாட்டாங்க. தடகள சம்மேளனமே இதைக் குறையாச் சொல்லுச்சு. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே புரொடக்‌ஷன்ல ரிலீஸ் பண்ணிட்டாங்க. பக் வெடிச்சப்ப முழுப் பழியும் ஒரே ஆள் மேல. அதே வருஷம் ஆகஸ்ட்ல, டெல்லியில இருக்கற தேசிய ஊக்கமருந்து ஆய்வகத்தோட அங்கீகாரத்தை உலக அமைப்பு நிறுத்தி வெச்சுச்சு. 2021 டிசம்பர்லதான் திரும்பக் கிடைச்சுச்சு. அதைப் பத்தி யாரும் ஸ்டேட்டஸ் வைக்கலை.

இன்னொருத்தரையும் சொல்லணும். சீனாவைச் சேர்ந்த வாங் சுன்யூ. தோஹாவுல ரெண்டாவதா வந்தவங்க. தங்கம் அவங்களுக்குத்தான் போச்சு. ஆனா அந்த ராத்திரி மேடையில நின்னு அவங்க கேட்டது நம்ம தேசிய கீதம். அவங்க கீதத்தை யாரு திருப்பி வாசிப்பாங்க? 2021 டோக்கியோ ஒலிம்பிக்ல அவங்க இறுதிப் போட்டிக்குப் போய் அஞ்சாவதா வந்தாங்க. கோமதி மேல எனக்கு வர்ற பரிதாபத்துல பாதியாவது அவங்க மேலயும் வரணும். வரலைங்கறதுதான் உண்மை.

சரி, நான் கேட்ட அந்தக் கேள்வி.

எங்க பெரியப்பா பொண்ணு, எனக்குத் தங்கச்சி. சேந்தமங்கலம் பக்கம். 2019ல ப்ளஸ் டூ முடிச்சிருந்தா. அவளும் 800 மீட்டர்தான். மாவட்ட அளவுல ஓடிட்டு இருந்தா. பெரியப்பா லாரி டிரைவர். பொட்டப்புள்ள எதுக்கு ஓடணும்னு கேட்டுட்டு இருந்த மனுஷன், தோஹா ஓட்டத்தை டிவியில பாத்துட்டு, அடுத்த வாரமே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் கொடுத்தாரு. கோமதி ஜெயிச்சதுல எங்க குடும்பத்துக்கு நேராக் கிடைச்சது அதுதான்.

மே மாசச் செய்திக்கு அப்புறம், ஆவணியில ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கோம். அவ ரெண்டாவது தடவை சோறு வாங்கினா. நான் பெரிய நகைச்சுவை மன்னன் மாதிரி கேட்டேன், "ஏன் அம்மிணி, நீயும் ஊசி போட்டுத்தான் ஓடறயா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. தீபாவளிக்கு அவங்க வீட்டுக்குப் போனப்ப அந்த ஸ்பைக்ஸ் பக்கத்து வீட்டுப் பையன் காலுல இருந்துச்சு. அவ ஓட்டத்தை விட்டுட்டா. காலேஜ்ல சேர்ந்ததால விட்டுட்டான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

இந்த எபிசோட் பண்றதுக்காகப் போன வாரம் அவளுக்கு ஃபோன் போட்டு, அதனாலதான் விட்டியான்னு கேட்டேன். "நீ மட்டுமாண்ணா கேட்ட? ஊர்ல பாதிப்பேரு கேட்டாங்க. ஆனா நீ கேட்டப்ப எங்கப்பா பக்கத்து இலையில உக்காந்திருந்தாரு"ன்னு சொன்னா. அதுக்கு மேல அவ எதுவும் சொல்லலை. எனக்கும் பேச வரலை.

நாமக்கல்காரங்களுக்கு இந்த வலி புதுசு இல்லைங்க. வெளியூர்ல போய் எந்த ஊருன்னு சொன்ன உடனே, "ஓ, கோழிக்கு ஊசி போட்டு வளப்பீங்களே"ன்னு கேப்பாங்க. பிராய்லர் வேகமா வளர்றதுக்குக் காரணம் பல தலைமுறையாத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனமும் தீவனமும்தான், ஹார்மோன் ஊசி இல்லைன்னு எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டாங்க. மருந்து கொடுத்தாக்கூட இத்தனை நாள் கழிச்சுத்தான் விக்கணும்னு கணக்கு இருக்கு. அதை மீறறவங்களும் இருக்கலாம். ஆனா சந்தேகம், ஒழுங்காப் பண்ணையை நடத்தறவரையும் மீறறவரையும் பிரிச்சுப் பாக்காது. அந்தக் கேள்விக்குக் கோபப்படற நான்தான், என் தங்கச்சிகிட்ட அதையே கேட்டேன்.

அதுக்காகப் பிரச்சினையே இல்லைன்னு சொல்ல வரலை. பெரிய பிரச்சினை. 2022ல காமன்வெல்த் போட்டிக்குக் கொஞ்சம் முன்னாடி திருச்சி தனலட்சுமியும் சோதனையில மாட்டினாங்க. 2023ல இந்தியாவுல எடுத்த 5,606 சாம்பிள்ல 213 பாசிட்டிவ். அதே வருஷம் செப்டம்பர்ல டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு, ஊக்கமருந்து சோதனைக்காரங்க வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்குக் காணாமப் போயிட்டாங்க. ஆண்கள் 100 மீட்டர் இறுதியில ஒரே ஒருத்தர்தான் ஓடினாரு. இதுவும் மீம் ஆச்சு. சிரிச்சோம்.

கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. யார்கிட்ட கேக்கணும்னுதான் யோசிக்கச் சொல்றேன். ஜிம்முல பேரே இல்லாத டப்பாவுல பவுடர் விக்கறவர்கிட்ட கேளுங்க, உள்ள என்ன இருக்குன்னு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காகப் பையனுக்கு எதையாவது வாங்கிக் கொடுக்கற அப்பாகிட்ட கேளுங்க. மார்ச்சுல எடுத்த சாம்பிளுக்கு ஏன் ஏப்ரல்ல முடிவு வரலைன்னு கேளுங்க. போட்டிக்குப் போறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவோட 'நோ யுவர் மெடிசின்' ஆப் இருக்கு. சளி மாத்திரையா இருந்தாலும் அதுல ஒரு தடவை தேடிப் பாத்துட்டுப் போடுங்க.

தங்கச்சி இப்ப ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர். ஓடற பிள்ளைங்க யாராவது சத்து பவுடர் சாப்பிடறேன்னு சொன்னா, மறுநாள் டப்பாவைக் கொண்டு வரச் சொல்லி லேபிளைப் படிப்பாளாம். லேபிள் இல்லாத டப்பான்னா அப்பா அம்மாவை வரச் சொல்லிடுவாளாம்.

ஃபோனை வைக்கறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்டேன். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா, போதும்"னா. பெரியப்பா இந்த வாரம் லோடு ஏத்திட்டு வடக்க போயிருக்காரு. வந்ததும் நேர்ல போகணும். பாக்கலாம் மக்களே, அடுத்த எபிசோட்ல.