வாசல் தெளித்த நீர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



போசரியில் மார்கழிக் குளிர் ஒரு கம்பளிக்கு அடங்கிவிடும். இங்கே உறைபனியைப் பற்றிப் பேச வந்தவனைப் பார்த்துச் சிலர் நகைப்பது நியாயமே. ஆயினும் பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிய வீடுகள் நம் காலனியில் பெருகி வருகின்றன. பேறுகாலத்துக்கென்று பெற்றோரும் பின்னாலேயே புறப்படுகின்றனர்.

என் தமக்கை டொராண்டோவில் இருக்கிறார். போன முதல் ஆண்டு, மார்கழி முதல் நாள், கோலமிடுவதற்காக வழக்கப்படி வாசல் தெளித்தார். தெளித்த நீர் சற்று நேரத்தில் கண்ணாடித் தகடாக உறைந்தது. வேலைக்குப் புறப்பட்ட அத்தான் முதல் அடியிலேயே சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. "கோலத்தை மிதிக்கலாகாதென்று ஒதுங்கி நடந்தேன்; அதற்குக் கிடைத்த பலன்" என்று இன்றும் சொல்லுவார்.

வீட்டிலிருந்து தெருவரை கார் செல்லும் பாதையை அங்கே 'டிரைவ்வே' என்பர். அதைக் காப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. விழுந்த பனியைக் காலும் சக்கரமும் மிதித்து இறுக்குமுன் வாரித் தள்ளிவிட வேண்டும். காஷ்மீரத்தில் நம் ரயில்வேயும் முதலில் பனியைத் தள்ளித்தான் தண்டவாளத்தைத் திறக்கிறது. பகலில் உருகும் கூரைநீர் இரவில் பாதையில் ஓடி உறையாதபடி குழாய் வாயைப் புல்தரைப் பக்கம் திருப்புவதும் அவசியம். வெந்நீர் ஊற்றினால் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். கடுங்குளிரில் அதுவும் உறைந்து, முன்னிலும் வழவழப்பாகிவிடும்!

இனி உப்பு. குல்பிக்காரர் பானையில் பனிக்கட்டியோடு கல்லுப்பைக் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் 0 டிகிரியில் உறையும்; உப்புக் கரைந்தால் அந்நிலை கீழே இறங்கும். நூற்றுக்கு ஏறக்குறைய 23 பங்கு உப்புள்ள நீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. எனவே பானையிலுள்ள பனிக்கட்டி உருகுகிறது, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிலிருந்து இழுத்துக்கொள்கிறது, பால் உறைகிறது. பாலை உறைவிக்கும் அதே உப்புத்தான் பாதையை உருக்குகிறது! பனி விழுமுன்பே உப்புநீர் தெளித்து வைத்தால் பனிக்கட்டி தரையைப் பற்றாது. குளிர் மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மந்தமாகும். அப்போது கால்சியம் குளோரைடு தூவுவர். அது கரையும்போதே வெப்பம் விடும். அதுவும் இல்லையேல் மணல். மணல் உருக்காது, காலுக்குப் பிடிப்பு மட்டும் தரும்.

உப்பை அள்ளிக் கொட்டுவதும் தவறு. உப்பு ஏற்றிவந்த வாகன்களின் தகடு துருவேறி உதிர்வதைக் கூட்ஸ் ஆபீசில் கண்ணாரக் கண்டவன் நான். காரும் சிமெண்டும் அவ்வாறே கெடும், புல் கருகும், ஓடைநீர் உவர்க்கும். சீராகத் தூவினால் சிறிதளவே போதும்.

இவ்வாண்டு மார்கழிக்கு என் தாயார் அங்கே போகிறார். வாசல் தெளிக்காமல் இருப்பதா என்று நேற்றுவரை வழக்கு நடந்தது. கடைசியில், கூடத்துக்குள் மணைப்பலகையில் மாக்கோலம் என்று தீர்ந்தது. பெட்டியில் அரிசி மாவு வைத்தாயிற்று. முள் பதித்த ரப்பர்க் காலணியை அக்காள் அங்கே வாங்கி வைத்திருக்கிறார்.